கோழிக்கே முட்டை

கோழி போட்ட முட்டையைக் கோழிக்கே வேகவைத்துக் கொடுக்கும் வீடு எங்களுடையது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தவள்தான். காலையில் எழுந்ததும் என் வீட்டுக்காரர் கூண்டுக்குள் குனிந்து போய் முட்டைகளை எடுத்துக்கொண்டு வருவார். நான் அவற்றைப் பெரிய பாத்திரத்தில் போட்டு வேகவைப்பேன். ஆறியதும் வாளியில் கொட்டி, ஓட்டோடு சேர்த்துக் கட்டையால் நசுக்க வேண்டும். ஓடு தூளாகிவிட வேண்டும். அந்த விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு.

"ஓட்டைப் பார்த்தா முட்டைன்னு தெரியக்கூடாது. தெரிஞ்சிடுச்சுன்னா அவங்களுக்குப் புத்தி மாறிடும். தான் போட்டதையே கொத்த ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் அந்தப் பழக்கத்தை யாராலயும் நிறுத்த முடியாது" என்பார்.

கோழிகளை 'அவங்க' என்றுதான் சொல்வார். என்னை 'ஏய்' என்பார். தூளாக்கியதை அள்ளி முற்றத்தில் வீசினால் அந்த 'அவங்க' ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வந்து தின்னும். "அவங்களோடது அவங்களுக்கே போகட்டும், நமக்கு எதுக்கு?" என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதுவும் கிடையாது. தோல் இடுப்புவாரைத் தூக்கி எறிந்துவிட்டு, துணியில் ஒன்று கிடைக்கும்வரை கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன மனுஷன் அவர்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் அவரைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் கோழி ஆலையில் வேலை பார்த்தவர். லாரியில் வந்து இறங்கும் கோழிகளை ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தூக்கி, ஓடிக்கொண்டே இருக்கும் சங்கிலியின் கொக்கியில் தலைகீழாக மாட்டுவது அவர் வேலை. அந்த அறையில் நீல விளக்கு மட்டும்தான் எரியும். நீல வெளிச்சத்தில் கோழிகள் அடங்கிப்போய்க் கிடக்குமாம். சங்கிலி நிற்காது. மூக்கு அரித்தால் சொறியக்கூட நேரம் இருக்காது. ஆலையில் அவருக்குக் 'கொக்கி' என்றே பெயர். வீட்டுக்கு வந்தால் விரல்களை மடக்க முடியாமல் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு குடிப்பார். குடித்தால் கதவுக்கு அடி விழும், சில நாள் எனக்கும் விழும். அந்த ஆளோடு எப்படிக் குடித்தனம் பண்ணினாய் என்று கேட்காதீர்கள். பண்ணினேன், அவ்வளவுதான்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. முதலாவது வயிற்றிலேயே அசைவதை நிறுத்திக்கொண்டது. இரண்டாவது பிறந்து, கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அதைப் புதைத்துவிட்டு வந்து அவர் வாசலில் நின்றுகொண்டே தன் கைகளைப் பார்த்தார்.

"இந்தக் கைதான். இந்தக் கையால எத்தனை உயிரைத் தலைகீழா மாட்டியிருக்கேன். அதான் நம்ம வீட்டுக்குத் திரும்பி வருது" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வந்து கணக்குப் பேசுகிறாரே என்று. "அப்படின்னா ஆலை முதலாளி வீட்ல நாலு பிள்ளைங்க, நாலும் உருண்டை உருண்டையா இருக்கே, அது எப்படி?" என்று கேட்டேன்.

"அவன் தன் கையால மாட்டலையே" என்றார்.

மறுநாள் அவர் ஆலைக்குப் போகவில்லை. இனி ஓர் உயிரைக் கொல்வதில்லை, ஓர் உயிரிடமிருந்து பிடுங்கித் தின்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டார். யாரிடம் கொடுத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, மேலே கையைக் காட்டுவார். அன்றைக்கே குடியும் நின்றது. செடி வளர்த்து விற்கும் ஒரு பண்ணையில் தொட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். முட்டை குறைந்துபோனது என்று பண்ணைக்காரர்கள் கழித்துவிடும் கோழிகளைச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். பாதிக்கு உடம்பில் இறகே இருக்காது. ஒன்றுக்கு 'மொட்டை' என்று பெயர் வைத்தேன். முற்றத்தில் யாரையும் மதிக்காமல் நடக்கும் ஒன்றுக்கு 'மேனேஜர்' என்று பெயர். மொட்டைக்கு அவர் தினமும் எண்ணெய் தடவி, கழுத்தில் இறகு முளைக்க வைத்தார். எனக்குத் தலைவலி என்றால் தைலம் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

எனக்கு அந்த வாக்கில் நம்பிக்கை இல்லை. ஆனால் குடிக்காத புருஷன் கிடைத்தான். அதற்காகப் பயறும் கீரையும் தின்பது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. அப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மறுபடியும் உண்டானேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஏத்துக்கிட்டாங்கடி. என் வாக்கை ஏத்துக்கிட்டாங்க" என்றார். அன்றிலிருந்து என் தட்டை அவர் கண்ணாலேயே காவல் காத்தார். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த ரொட்டியில் வெண்ணெய் இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பார். பிள்ளை வயிற்றில் இருப்பது அந்த வாக்கினால், வாக்குப் போனால் பிள்ளையும் போகும் என்பது அவருக்கு முடிந்துபோன விஷயம்.

என் உடம்புக்கு அது தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரித் துணிகளை இஸ்திரி போடும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க நிற்க வேண்டும். வயிறு தெரிய ஆரம்பித்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்.

"உடம்புல ரத்தமே இல்லையே. என்ன சாப்பிடறே?"

சொன்னேன்.

"ஓ, வீகனா?" என்றார். அந்தச் சொல்லை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். நாங்கள் அதற்குப் பெயரெல்லாம் வைத்திருக்கவில்லை.

அந்தம்மா நியாயமானவர். எத்தனையோ பேர் கீரையும் பயறும் மாத்திரையுமாகவே இருந்து நல்லபடியாகப் பெற்றுக்கொள்கிறார்கள் என்று சொல்லி, முதலில் மாத்திரைதான் கொடுத்தார். தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. வேறு மாத்திரை கொடுத்தார், அதுவும் தங்கவில்லை. கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். பாதியிலேயே முகம் வீங்கி மூச்சு முட்டிப்போய், பதறிக்கொண்டு பிடுங்கிவிட்டார்கள். ரத்தம் ஏற்றலாம் என்றால் என் ரத்தம் லேசில் கிடைக்காத வகை. கிடைக்கிற கொஞ்சத்தைப் பிரசவத்துக்கு எடுத்து வைக்க வேண்டும் என்றார். கடைசியில் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஈரல், இறைச்சி, முட்டை. குழந்தை பிறக்கிற வரைக்குமாவது சாப்பிடட்டும். அப்புறம் உங்க இஷ்டம். இப்படியே போனா பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாக்கூட இவங்க தாங்க மாட்டாங்க. குழந்தையும் தேறாது."

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மாவுக்கு நம்ம கதை தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. பீட்ரூட் வாங்கறேன், பேரீச்சம்பழம் வாங்கறேன். பயப்படாதே" என்றார். வாங்கவும் செய்தார். தின்றும் பார்த்தேன். படியேறினால் இதயம் காதுக்குள் அடித்தது.

ஒரு நாள் காலையில் முட்டைகளை நசுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் பண்ணைக்குக் கிளம்பிப் போயிருந்தார். கட்டையை ஓங்கினவள் கையை இறக்கிவிட்டேன். ஒன்றை எடுத்து உரித்தேன். உப்பைத் தொட்டு ஒரு கடி கடித்தேன். மஞ்சள் கரு நாக்கில் ஒட்டியது. ஐயோ, என்ன ருசி! நின்றபடியே இன்னொன்று தின்றேன். எனக்குப் பாவமும் தோன்றவில்லை, ஒரு மண்ணும் தோன்றவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. 'இன்னும் கொண்டா' என்று அது கேட்கிறதென்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் தினமும் அதுதான். முட்டையை நான் தின்பேன், ஓட்டைக் கோழிக்குப் போடுவேன். முட்டையோடு நிறுத்துவானேன் என்று அடுத்த கட்டத்துக்கும் போனேன். அவருடைய அக்கா சலவைக்கூடத்துக்கு நாலு கடை தள்ளிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். லாரி ஓட்டுகிறவர்கள் சாப்பிடும் கடை. ஒரு மத்தியானம் நேராக அடுப்படிக்குள் போய், "அண்ணி, ஈரல் இருக்கா?" என்று கேட்டேன்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உட்காரு" என்றார். மிளகும் உப்பும் போட்டுப் புரட்டியதை ஒரு தட்டு நிறைய வைத்தார். நான் தின்று முடித்த பிறகுதான் கேட்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"தெரியவும் வேண்டாம். என் தம்பி கோழிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டட்டும், வேணும்னா தாலாட்டுகூடப் பாடட்டும். நீ மத்தியானம் மத்தியானம் இங்க வந்துடு. வாயைக் கழுவாம மட்டும் வீட்டுக்குப் போயிடாதே, மோப்பம் பிடிச்சிடுவான்."

சிரித்தோம். நான் அழவும் செய்தேன். நெடுநாள் கழித்து அன்றைக்குத்தான் வயிறு நிறைந்தது.

அடுத்த முறை பார்த்தபோது டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். ரத்தம் ஏறியிருந்தது, பிள்ளைக்கு எடை கூடியிருந்தது. அவர் டாக்டரம்மாவைப் பெருமையாகப் பார்த்து, "பீட்ரூட்" என்றார். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்ததும் அவர், "பார்த்தியா? நான் சொன்னேன்ல? நம்ம வாக்கு நம்மளைக் காப்பாத்துது" என்றார். சந்தோஷமாக இருந்தார், இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் ஓட்டால் கெட்டது. தின்ற அவசரத்தில் ஓட்டை யார் தூளாக்குவது? பாதிப் பாதியாக உரித்ததை அப்படியே வாளியில் போட்டு முற்றத்தில் கொட்டிவிட்டு வேலைக்கு ஓடுவேன். வெள்ளைக் கிண்ணம் கிண்ணமாகக் கிடக்கும். கோழிகள் அதைக் கொத்திக் கொத்தி, அது எது என்று கற்றுக்கொண்டன. அவர் சொன்னபடியே ஆயிற்று. கூண்டுக்குள் முட்டைகள் உடைந்து கிடக்க ஆரம்பித்தன. முதலில் எலி என்றார். பொறி வைக்கவும் மனசில்லை, பொந்தை அடைத்தார். பிறகு பாம்பு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தே தீருவது என்று பார்த்தார். மொட்டை முட்டை போட்டது, எழுந்து திரும்பியது, அதையே கொத்தியது.

அவர் வீட்டுக்குள் வந்தார். கையில் ஒரு பாதி ஓடு இருந்தது, குப்பையிலிருந்து பொறுக்கியது.

"நசுக்காம போட்டிருக்கே."

"வேலை அவசரம்" என்றேன்.

அவர் அந்த ஓட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். துடைத்து எடுத்ததுபோல் இருந்தது. "இது உரிச்ச ஓடு. உள்ள இருந்தது எங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நாய்க்குப் போட்டேன் என்று சொன்னாலும் நம்பியிருப்பார். எனக்கு என்னவோ அன்றைக்குப் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. வயிற்றில் கையை வைத்து, "இங்க" என்றேன்.

அவர் அடிக்கக் கை ஓங்குவார் என்று சுவரோரம் ஒதுங்கினேன். ஓங்கவில்லை. நான்தான் நிறுத்தாமல் பேசினேன். முட்டை மட்டும் இல்லை, ஈரல், இறைச்சி, எலும்புச் சாறு, எல்லாம் உங்க அக்கா கடையிலே, பீட்ரூட்டாம் பீட்ரூட், உங்க பீட்ரூட்டை நான் சலவைக்கூடச் சாக்கடையிலே கொட்டினேன் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் கீழே சரிந்து என் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இது ஒண்ணாவது இருக்கட்டும்டி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இதுவரைக்கும் நீ தின்னது தெரியாம நடந்ததுன்னு நான் மேல சொல்லிக்கறேன். அதுக்குப் பதிலா நான் வேற ஏதாவது விட்டுடறேன், உப்பை விட்டுடறேன். இனிமே வேண்டாம். வேண்டாம்னு சொல்லு. இதையும் என் கையால புதைக்க வெச்சுடாதே."

அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். கத்தியிருந்தால் அண்ணி வீட்டுக்குப் போயிருப்பேன். காலைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்காக அழுகிறவரை என்ன செய்வது? என் பிள்ளைதான் அவர் பிள்ளையும். சரி என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவர் உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தார். மறுநாள் மத்தியானம் அண்ணி கடையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், நான் போகவில்லை.

உடம்பு ஏறும்போது மெதுவாக ஏறியது, இறங்கும்போது மளமளவென்று இறங்கியது. பிள்ளை புரள்வது குறைந்தது. எப்போதோ ஒரு முறை லேசாகத் தட்டும், அடுத்ததற்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். ஒரு நாள் இஸ்திரி மேஜைமேல் அப்படியே சாய்ந்துவிட்டேன். மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். பக்கத்து அறையில் டாக்டரம்மா அவரை நிற்கவைத்துக் கேட்டது தடுப்புச் சுவரைத் தாண்டி என் காதில் விழுந்தது.

"ரெண்டு உயிருங்க. உங்க கையிலதான் இருக்கு. புரியுதா, இல்லையா?"

பாவம், அந்தம்மாவுக்கு எங்கள் கதை தெரியாது. அவருடைய கையைப் பற்றி அவரிடமே அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து என்னைப் படுக்கவைத்தார். ஜன்னலோரக் கட்டில். முற்றம் தெரியும். நல்ல வெயில். அவர் கூண்டுக்கு முன்னால் நின்றார். எதைப் பிடிப்பது என்று பொறுக்கவில்லை. கையை உள்ளே விட்டார், கைக்கு எது வந்ததோ அது. வந்தது மொட்டை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியதும் அது கத்தாமல் அடங்கிவிட்டது. எத்தனை நாள் ஆகியிருந்தாலும் அந்தக் கைக்கு மறக்கவில்லை. கழுத்தைத் திருப்பியது எனக்குத் தெரியக்கூட இல்லை. முடிந்துபோன பிறகுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. கொல்லையில் உட்கார்ந்து, தான் எண்ணெய் தடவி முளைக்கவைத்த இறகையெல்லாம் ஒன்றுவிடாமல் பிடுங்கினார்.

"வேண்டாம்ங்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். அண்ணி கடையிலிருந்து வாங்கி வந்தால் போதும் என்று சொல்ல நினைத்தேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வேகும் வாசனை வந்ததும் என் வாயில் எச்சில் ஊறியது. அந்த நிமிஷம் என் வாயை நானே வெறுத்தேன்.

கிண்ணத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு துண்டைப் பிய்த்தார். என் வாய்ப் பக்கம் கொண்டுவருவார் என்று வாயைத் திறந்தேன். அவர் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மெல்லும்போதே கண்ணில் நீர் வழிந்தது. விழுங்கினார்.

"நான்தான் கொன்னேன், நான்தான் முதல்ல தின்னேன். இவ எனக்கு அப்புறம்தான் திங்கறா. நல்லா ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். என்னிடம் சொல்லவில்லை. மேலே எங்கேயோ சொன்னார். "வர்றதெல்லாம் எனக்கு வரட்டும். இவ பக்கமும் பிள்ளை பக்கமும் போக வேண்டாம்."

பிறகு எனக்கு ஊட்டினார். கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினார்.

இரண்டு நாளைக்கு ஒரு கோழி போனது. ஒவ்வொரு முறையும் முதல் வாய் அவருடையது. தனக்குப் பிடிக்காத மருந்தைக் குடிப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தின்பார். மேனேஜர் போன அன்றைக்கு மட்டும் தின்றுவிட்டுக் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து இன்னொரு துண்டு தின்றார். நான் தேறினேன். பிள்ளை மறுபடியும் புரண்டது, உதைத்தது. அண்ணி வந்து பார்த்து, "அவன் திருந்திட்டான்" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

பெண் பிறந்தாள். எனக்கு ரத்தம் நிறையப் போயிற்று. எடுத்து வைத்திருந்த ரத்தம் முழுவதையும் ஏற்றினார்கள். "முன்னால இருந்த உடம்பா இருந்திருந்தா கைவிட்டுப் போயிருக்கும்" என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். பிள்ளை வீறிட்டு அழுதது, பிடித்துக்கொண்டு பால் குடித்தது. அவர் வந்து எட்ட நின்று பார்த்தார். தூக்கச் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் பிள்ளையைவிட்டு நகரவில்லை. தூக்கவும் இல்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். தும்மினால் எழுந்து நிற்பார். நான் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டில் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரோ வரப்போகிறார்கள், வந்தால் முதலில் தன்னிடம் வரட்டும் என்று வழி மறித்துக்கொண்டு இருப்பதாக எனக்குப் பட்டது. வருவது அவருக்கும் வரவில்லை, பிள்ளைக்கும் வரவில்லை. தலைவலிகூட வரவில்லை மனுஷனுக்கு. வாரங்கள் போயின. இவள் கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, ஆளைப் பார்த்தால் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பயம் தெளிந்தது. அவர் முகம் மட்டும் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. தூக்கம் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் எடை போட்டுப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். "சூப்பர் குழந்தை" என்றார் நர்ஸ். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். கடைசிக்கு முந்தின கோழி. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணும் ஆகலையே."

"என்ன ஆகணும்கறீங்க?" என்று சிரித்தேன். "நல்லாத்தானே இருக்கா."

"நான் கொன்னேன். தின்னேன். வாக்கை உடைச்சேன். ஒண்ணுமே ஆகலை."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆறுதல் சொல்ல நல்ல சமயம் என்று நினைத்துவிட்டேன். தட்டை நகர்த்திவிட்டு அவர் கையைப் பிடித்தேன். "அதைத்தான்ங்க நான் அன்னிக்கே சொன்னேன். பாவமும் இல்லை, ஒண்ணும் இல்லை. உங்க கை மேல ஒரு தப்பும் இல்லை. முதல் ரெண்டு பிள்ளைங்க போனதுக்கு நீங்க காரணமே இல்லை."

அவர் கையை உருவிக்கொண்டார். அப்படி ஒரு பார்வையை நான் அந்தக் குடிகார நாட்களில்கூடப் பார்த்ததில்லை.

"அப்ப அதுங்க எதுக்குப் போச்சு?"

"சும்மாவா? சும்மாவே போச்சா?" என்று கேட்டார். "என் பாவம்னு இருந்தவரைக்கும் அதுங்க போனதுக்கு ஒரு காரணமாவது இருந்துச்சுடி."

அவர் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஆலைக்குப் போய்ப் பழைய வேலையைக் கேட்டார். அதைச் செய்ய அங்கே எப்போதுமே ஆள் தட்டுப்பாடு, அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். "ஏங்க போறீங்க?" என்று கேட்டேன். "ஏன் போகக்கூடாது, ஒரு காரணம் சொல்லு" என்றார். நான் ஜெயித்துவிட்டேன், என் வாதம் முழுக்க இப்போது அவர் வாயில் இருக்கிறது.

கடைசிக் கோழியும் தீர்ந்ததும் கூண்டைப் பிரித்து விறகாக்கிவிட்டார். குடி இன்னும் ஆரம்பிக்கவில்லை, தினமும் வாசலில் செருப்புச் சத்தம் வந்தால் நடை தள்ளாடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்காருகிறார். மகள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவர் பார்ப்பதில்லை. ஆலையிலிருந்து வெட்டின கோழி மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு வேளையும் அதுதான். உப்பு தூக்கலாகக் கேட்கிறார்.

இன்றைக்கும் அவருக்கு வைத்துவிட்டு எனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. பிள்ளை மடியில் கிடந்து பாலுக்கு அழுதது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தின்னு. பால் ஊற வேண்டாமா?" என்றார். "தின்னா ஒண்ணும் ஆகாது."

தின்றேன்.